பவளப்பாறை மீன்களின் ஜாதியும் உறவும்

விளாத்திகுளம் தாலுகாவின் உட்பகுதி கரிசல் பூமி. கடற்புறத்திலோ வேம்பார், சிப்பிக்குளம், கீழ வைப்பார் முதலிய மீன்பிடி கிராமங்கள் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் சில இக்கரைக்கு எதிரே அமைந்தவை. அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள் இருக்கின்றன. கரிசலில் பருத்தியின் ஜாதியறிந்து விதைப்பது எவ்வாறு அவசியமோ, அவ்வாறே பாறைமீன்களின் ஜாதியையும் அறிதல் அவசியமாகும்.

பார்வைக்குக் கருங்கண்ணியும் பருத்தியே, கம்போடியாவும் பருத்தியே. ஆயினும் முன்னதன் உயிரணுவில் 26 குரோமோசோம்களும் பின்னதில் 52 குரோமோசோம்களும் உள்ளன. ஆகையால் இவ்விரண்டும் எளிதிற் கலப்பதில்லை. உருவத்தை மாத்திரம் கொண்டு உறவை நிச்சயிக்கலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

கடலிலும் இதே நிலைமைதான். கிளிமீனின் பற்கள் ஒன்றுசேர்ந்து கிளியலகு போலிருப்பதால், நெடுங்காலம் அதனைத் தனிக் குடும்பமாகவே கருதி வந்தனர். 2005ஆம் வருஷத்தில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, ராஸ் எனப்படும் மீன்களின் குடும்பத்துக்குள்ளேயே தோன்றிய ஒரு கிளை அது எனக் காட்டிற்று. பாறையைச் சுரண்டித் தின்னும் பழக்கத்துக்கு ஏற்ப அலகு பின்னர் அமைந்ததாகும். இதற்கு மாறான பிழையும் நேர்ந்ததுண்டு. கிளிமீனில் ஆணும் பெண்ணும் நிறத்தில் பெரிதும் வேறுபடுவதால், ஒரே ஜாதிக்கு இரண்டு பெயர்கள் வழங்கலாயின.

இவ்விஷயம் மீன்பிடிப்போர்க்கும் முக்கியமானது. கிளிமீன்களிலும் களவா மீன்களிலும் பெரும்பாலானவை முதலிற் பெண்ணாயிருந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுகின்றன. ஆகவே பெரிய மீன்களையே தொடர்ந்து பிடித்துவந்தால் ஆண்கள் அருகிப்போகும். எஞ்சிய சில ஆண்களின் சந்ததியே பெருகுமாதலால் மரபு வேறுபாடு சுருங்கும். ஒரே ரகம் விதைத்த நிலம் முழுதும் ஒரு நோய்க்கு இரையாவதுபோல, வேறுபாடு குன்றிய மீன் கூட்டமும் புதிய இடரைத் தாங்கமாட்டாது. 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடல்நீர் மிக வெப்பமுற்று, இவ்வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. அத்தகைய காலங்களில் பாறைமேற் படரும் பாசியை மேய்ந்து, இளம் பவளம் பற்றிக்கொள்ள இடஞ்செய்வது கிளிமீனே.

பாறைமீன்களுள் அநேகவற்றின் குஞ்சுகள் சில நாட்களோ சில வாரங்களோ நீரோட்டத்தில் மிதந்து சென்று வேறு பாறைகளை அடைகின்றன. 1986ஆம் வருஷத்தில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற இத்தீவுப் பகுதி, ஆதலால், அண்டைக் கடலுக்கு விதைப்பண்ணை போன்றது. அதனுள் வலை வீசாதிருத்தலும், வெளியே பிடிக்குமிடத்துப் பெரிய மீன்களிற் சிலவற்றை விட்டுவைத்தலும் மீனவர்க்கே லாபமாகும். விதைக்கு ஒதுக்கியதைக் குடியானவன் விற்பதில்லையன்றோ!