திருவழிபாட்டு ஆண்டும் தமிழ்ப் பெரும்பொழுதும்

பொழுதினைப் பொருளுணர்த்தும் கருவியாகக் கொள்ளும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். முல்லைக்குக் காரும் மாலையும் உரியவாதலும், ஆற்றியிருத்தல் அதன் உரிப்பொருளாதலும் யாவரும் அறிந்தனவே. கிறித்தவத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டும் பொழுதொடு உணர்வைப் பிணைக்கும் ஓர் அமைப்பேயாம். ஆயின், அது உருப்பெற்ற நிலம் வேறு. ஈண்டு வழங்கும் நிலம் வேறு. நிலம் மாறியவழிப் பொழுதின் பொருள் நிற்குமோ என்பதே ஆராயத்தக்கது.

உரோமைத் திருச்சபையின் ஆண்டு சனவரியில் தொடங்குவதன்று. நவம்பர் 27 முதல் திசம்பர் 3 வரையுள்ள நாள்களுள் வரும் ஞாயிறே அதன் தொடக்கம். அன்று தொடங்கும் திருவருகைக்காலம் நான்கு ஞாயிறுகளை உடையது. முதல் வருகையின் நினைவும் இறுதி வருகையின் எதிர்நோக்கும் அதன் இருபொருள்கள். அடுத்து வருவது மகிழ்ச்சிக்குரிய பிறப்புக்காலம். பின்னர்த் திருநீற்றுப் புதன் முதல், ஞாயிறு நீக்கி நாற்பது நாள் எண்ணப்படுவது தவக்காலம். உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் பாஸ்கா காலம். எஞ்சிய 33 அல்லது 34 வாரங்கள், 1969-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுக்காலம் எனப்படும். வருகைக்கும் தவத்திற்கும் ஊதா, பிறப்பிற்கும் உயிர்ப்பிற்கும் வெண்மை, பெந்தெகொஸ்தே நாளுக்குச் செம்மை, பொதுக்காலத்திற்குப் பசுமை என ஆடை நிறமும் வகுக்கப்பட்டுள்ளது.

இனிப் பெயர்களை நோக்குவோம். சீர்திருத்தச் சபையார் வழங்கும் ‘லெந்து’ என்னும் சொல் ஆங்கிலத்தின் வழி வந்தது. பண்டை ஆங்கிலத்தில் அது வசந்தத்தைக் குறித்தது. ‘தவக்காலம்’ என்னும் தமிழ்ப்பெயரோ பருவத்தைச் சுட்டாது, அப்பருவத்தில் மாந்தர் செய்யும் வினையைச் சுட்டுகின்றது. தமிழாக்கம் இங்கே சொல் மாற்றம் மட்டுமன்று. வசந்தம் இல்லாவிடத்தும் நிற்கவல்ல பொருளைத் தேர்ந்தெடுத்தலுமாம்.

இத்தேர்வின் இன்றியமையாமை காலக்கணக்கால் விளங்கும். மார்ச்சு 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுமதியை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு விழா. ஆதலின், அது மார்ச்சு 22-க்கு முந்தாது. ஏப்பிரல் 25-க்குப் பிந்தாது. நமக்கு அது பங்குனியும் சித்திரையும். வடபுலத்தில் பனி உருகி நிலம் நெகிழும் அந்நாளில், ஈண்டு வெயில் ஏறி நீர்நிலைகள் சுருங்கும்.

சென்னைக்கு மேற்கேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரி இதற்குத் தக்க சான்று. தவக்காலத்தில் தாழும் அதன் நீர், வடகிழக்குப் பருவமழையால் திருவருகைக்காலத்தை ஒட்டி உயரும். மேலைநாட்டார்க்கு அக்காலம் பகல் குறுகி இருள் நீளும் காலம். இவ்வேரிக்கரையார்க்கோ நீர்மட்டம் இருபத்து நான்கடியை அணுகுகின்றதா என நோக்கியிருக்கும் காலம். 2015-இல் திருவருகைக்காலம் நவம்பர் 29 அன்று தொடங்கிற்று. அன்றைய நற்செய்தி வாசகம் லூக்கா 21-ஆம் அதிகாரப் பகுதி. கடலின் கொந்தளிப்பையும் மக்களின் கலக்கத்தையும் கூறி விழித்திருக்கப் பணிப்பது. திசம்பர் 1, 2 நாள்களில் ஏரியின் மிகைநீரும் பிற வெள்ளமும் அடையாற்றில் பெருகிச் சென்னையை மூழ்கடித்தன. இதனை முன்னறிவிப்பெனக் கொள்ளுதல் பிழை. அவ்வாசகம் மூன்றாண்டுச் சுழற்சியில் முறையாக வருவதே. எனினும், விழித்திருத்தல் என்னும் சொல்லுக்கு இந்நிலத்தில் இருளினும் வெள்ளமே ஏற்ற உரையாயிற்று என்பது மறுக்கவொண்ணாதது.

எனவே, திணை மரபில் உணர்வு இயற்கைப் பொழுதினின்று எழ, வழிபாட்டாண்டில் அது நினைவுகூரப்படும் நிகழ்ச்சியினின்று எழுகின்றது. நிகழ்ச்சி வேராக நிற்றலின் நிலம் மாறினும் பொருள் அழியாது. நிலமோ அதற்குப் புதிய கருப்பொருளை நல்கும். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் கடன்.