வெற்றுத் தாளில் முதல் பெயர்

பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று, ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கம் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடியற்காலை ஐந்து மணி. டார்ச்சுடன் வந்தவர் கம்பியின் அடியில் விரல்களை ஓட்டிப் பார்க்கிறார். தட்டுப்படுகிறது. மூடியைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளை விரிக்கிறார். தாளில் ஒரு பெயர்கூட இல்லை. அவர் தேடி வந்தது அந்த வெறுமையைத்தான். முதல் வரியில் தன் புனைபெயரையும் தேதியையும் நேரத்தையும் எழுதுகிறார். தாளைச் சுருட்டி, மூடியை இறுக்கி, டப்பாவை இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டு வீடு திரும்புகிறார். அதே முதல் வரிக்காக இன்னும் சிலர் அந்நேரம் வழியில் வந்துகொண்டிருக்கலாம்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். 'ஜியோ' என்றால் பூமி. 'கேஷ்' இங்கே ரொக்கப் பணம் அல்ல. ஒளித்து வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வேரிலிருந்து வந்த வேறொரு சொல். ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோ கைபேசியோ கொண்டு தேடிப் போவார்கள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். உலகெங்கும் இப்படி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. புதிதாக வெளியானதை எல்லாருக்கும் முந்திக் கண்டுபிடிப்பதை 'ஃபர்ஸ்ட் டு ஃபைண்ட்' என்பார்கள். பேச்சுவழக்கில் எஃப்டிஎஃப்.

வேகத்தை மட்டும் பார்த்தால் இந்தப் போட்டி பாதிதான் புரியும். முதலில் போகிறவர் வேறொரு வேலையும் செய்கிறார். யாரோ ஒருவர் அளந்து சொன்ன எண்ணை, தன் காலால் நடந்து போய்ச் சரிபார்க்கிறார். இந்த விளையாட்டு பிறந்ததே அப்படி ஒரு சரிபார்ப்பில்தான்.

ஒரு வாளி, மூன்று நாள்

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் உருவாக்கிய அமைப்பு. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அலைவரிசையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பி வந்தார்கள். அதனால் சாதாரண ஆள் கையில் இருக்கும் கருவி, இடத்தை நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். 2000 மே 1 அன்று அதிபர் பில் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்துவதாக அறிவித்தார். அன்று நள்ளிரவோடு அது நின்றது. உலகெங்கும் இருந்த ஜிபிஎஸ் கருவிகள், யாரும் தொடாமலேயே, ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியம் பெற்றன.

மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் ஊருக்கு அருகே, டேவ் உல்மர் என்ற கணினி வல்லுநர் இந்தத் துல்லியம் உண்மைதானா என்று பார்க்க நினைத்தார். காட்டோரம் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். அதில் புத்தகம், மென்பொருள், வீடியோ கேசட், கொஞ்சம் பணம், உண்டிவில் கைப்பிடி, ஒரு பீன்ஸ் டின், கூடவே ஒரு குறிப்பேடு, பென்சில். வடக்கு 45 பாகை 17.460 நிமிடம், மேற்கு 122 பாகை 24.800 நிமிடம் என்ற எண்களை ஜிபிஎஸ் ஆர்வலர்களுக்கு இணையம் வழியே தெரிவித்தார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே: உள்ளிருப்பதில் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு ஏதாவது வையுங்கள்.

மூன்று நாளுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில், வான்கூவர் என்ற ஊரில் இருந்தவர். உல்மர் அவருக்கு வழி சொல்லவில்லை, அடையாள மரம் காட்டவில்லை. எண்களை மட்டும் கொடுத்தார். எண்கள் போதுமானவையாக இருந்தன. உலகின் முதல் எஃப்டிஎஃப் அதுதான். அந்த மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேஷிங்' என்ற பெயரை முன்மொழிந்தார். செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் இதற்கென்று இணையதளம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தவை 75 டப்பாக்கள்.

பெட்டியை ஒளித்து, வந்தவர் அடையாளம் விட்டுப்போகும் வழக்கம் இதைவிடப் பழையது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், 1854-இல் ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளம் என்னுமிடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அங்கே இடத்தை அறிந்த மனிதர் கூட வந்து வழிகாட்ட வேண்டியிருந்தது. 2000-இல் அந்த வேலை எண்ணுக்குக் கைமாறியது.

எண் எப்படி இடமாகிறது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது' என்று ஒவ்வொன்றும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி தரைக்கு வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால், அந்தக் கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் நம் கையில் இருக்கும் கருவியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழையைக் கண்டுபிடித்துக் கழிக்க நான்காவது கோளும் தேவை.

நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தொலைவில் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, அவ்வளவு உயரத்தில், அவ்வளவு வேகத்தில் சுற்றும் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்தி ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். பாலத்தடியில் டப்பாவைத் தடவிப் பார்ப்பவரின் விரலுக்குப் பின்னால் இத்தனை இயற்பியல் நிற்கிறது.

ஜியோகேஷிங்கில் இடத்தைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசம இலக்கம் என்று எழுதுவார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் சுமார் 1,850 மீட்டர். ஆகவே கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர், ஏறத்தாழ ஓர் ஆள் உயரம், நகரும். எழுதும் முறை அவ்வளவு நுணுக்கம். கருவி அவ்வளவு நுணுக்கம் இல்லை. திறந்த வெளியில் நல்ல கைபேசி சுமார் 5 மீட்டருக்குள் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழும், பாறைச் சரிவிலும், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அலைகள் மோதித் திரும்பி, சுற்றுவழியாக வந்து சேர்வதால் பிழை கூடும்.

ஒளித்தவரின் கருவியில் 5 மீட்டர், தேடுபவரின் கருவியில் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சேர்ந்தால் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் துழாவ வேண்டும். அது ஒன்றரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவான பரப்பு. ஒரு கருவியின் பிழையே நூறு மீட்டராக இருந்த பழைய நாளில், அதை மட்டும் கணக்கிட்டாலும் துழாவ வேண்டிய பரப்பு ஏழரை ஏக்கருக்கும் மேல். ஏழரை ஏக்கர் காட்டில் கட்டைவிரல் அளவு டப்பாவை யாரும் தேட மாட்டார்கள். ஒன்றரை கிரவுண்டில் தேடுவார்கள். 2000 மே மாதம் இந்த விளையாட்டு பிறந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அறிவிப்பு வந்ததும்

டப்பாவை ஒளித்தவுடன் எண்கள் வெளியாகிவிடாது. தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் விவரங்களை முதலில் பார்ப்பார். நில உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா, ரயில் பாதை போன்ற ஆபத்தான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இன்னொரு டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டராவது தள்ளியிருக்கிறதா என்பதெல்லாம் அவர் பார்வையில் படும். பெரும்பாலும் வரைபடத்தை வைத்தே இதை முடிப்பார். அவர் அந்த இடத்துக்கு நேரில் போவதில்லை.

அவர் ஒப்புதல் தந்ததும், அந்த வட்டாரத்துக்கு அறிவிப்பு கேட்டு வைத்திருக்கும் சந்தா உறுப்பினர்களின் கைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். போட்டி அங்கே தொடங்குகிறது. பழகியவர்கள் பேனா, டார்ச், கையுறை, மெல்லிய தாளைச் சுருளிலிருந்து எடுக்க ஒரு சாமணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எப்போதும் வாசலருகே வைத்திருப்பார்கள். முதலில் பார்ப்பது இரண்டு மதிப்பெண்கள்: தேடுவது எவ்வளவு கடினம், போய்ச் சேரும் நிலம் எவ்வளவு கடினம். இரண்டும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டும் ஒன்று என்றால் அறிவிப்பு வந்த கால் மணி நேரத்தில்கூடப் பெயர் விழுந்துவிடலாம். நிலம் ஐந்து என்றால் படகோ பாறையேறும் கயிறோ வேண்டும். அந்தத் தாள் மாதக்கணக்கில் வெறுமையாகக் காத்திருக்கலாம். புதிர் வகை டப்பாவுக்கு வெளியிடப்படும் எண் உண்மையான இடம் அல்ல. புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியும். அங்கே ஓட்டம் மேசையில் தொடங்கித் தெருவில் முடியும்.

கடைசிப் பத்து மீட்டர்

திரையில் 'பத்து மீட்டர்' என்று வந்ததும் அனுபவசாலி கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுவார். அதற்குமேல் கருவியின் அம்பு இங்கும் அங்கும் ஆடும்; அதன் பின்னால் போனால் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இனிக் கண்தான் வேலை செய்ய வேண்டும். 'நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்?' என்று தன்னையே கேட்பார். இயற்கை எதையும் ஒரே திசையில் வரிசையாக அடுக்காது. ஒரே நீளத்தில் ஒடிந்த குச்சிகள் பக்கம் பக்கமாகக் கிடந்தால், வேலியில் ஒரு திருகாணி மட்டும் புதிதாக மின்னினால், கை அங்கே போகும்.

பிறகு வருபவருக்கு உதவிகள் நிறைய. முன்பு கண்டவர்களின் குறிப்புகள் இருக்கும். புல் மிதிபட்டுத் தடம் விழுந்திருக்கும். டப்பா அங்கே இருக்கிறது என்ற உறுதியாவது இருக்கும். முதலில் வருபவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஒளித்தவர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கலாம். மரங்கள் அடர்ந்த இடத்தில் ஒரே ஒரு முறை அளந்து திருப்தி அடைந்திருக்கலாம். கவனமான ஒளிப்பவர் வெவ்வேறு நேரங்களில் பலமுறை அளந்து சராசரி எடுப்பார், ஏனெனில் வானில் கோள்களின் அமைப்பு மணிக்கு மணி மாறும். அப்படிச் செய்தாரா இல்லையா என்பது முதலில் வருபவருக்குத்தான் தெரியவரும். எண்ணுக்கு முப்பது மீட்டர் தள்ளி டப்பா கிடைத்தால், நல்ல ஆட்டக்காரர் அந்த இடத்திலேயே நின்று அளந்து, திருத்திய எண்ணைத் தன் பதிவில் எழுதுவார். அடுத்து வரும் நூறு பேர் வீணாக முட்புதரைக் கலைக்காமல் இருப்பார்கள்.

முந்துவதற்கும் முறை உண்டு

எஃப்டிஎஃப் எண்ணிக்கையை விளையாட்டின் தளம் அதிகாரபூர்வமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டக்காரர்களே தங்கள் பதிவுகளில் குறித்துவைத்து எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே ஒழுங்கும் அவர்களே காப்பதுதான். தாளில் எழுதாமல் கண்டதாகச் சொல்லக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், இருவர் பெயரையும் முதல் வரியில் எழுதிப் பகிர்ந்துகொள்வது பெருந்தன்மை. இடத்தை முன்கூட்டியே அறிந்த நண்பர் போட்டியிலிருந்து விலகி நிற்பது நேர்மை. பூட்டிய பூங்காவின் வேலியை ஏறிக் குதிப்பது, சாலையில் விரைவது, சுவரின் செங்கல்லைப் பெயர்ப்பது எல்லாம் எந்தப் பெயருக்கும் ஈடாகாது.

பொது இடத்தில் பதுங்கிப் பதுங்கி எதையோ தேடுபவரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு அச்சம் வருவது இயல்பு. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், தெருவோரம் இருந்த ஒரு ஜியோகேஷ் டப்பாவை வெடிகுண்டோ என்று சந்தேகித்து, ராணுவ வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். டப்பாவின் மேல் அது என்னவென்று தெளிவாக எழுதிவைப்பது, காவலர் கேட்டால் மறைக்காமல் சொல்வது, நகரத்தில் இடத்தைப் பொறுப்போடு தேர்ந்தெடுப்பது ஆகியவற்றின் அவசியத்தை அந்த நிகழ்ச்சி உணர்த்தியது. உல்மர் செய்தது போல மண்ணைத் தோண்டிப் புதைப்பதும், நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல், இன்று கூடாது. உணவுப் பொருளும் வைக்கக் கூடாது. வாசம் பிடித்து வரும் விலங்குக்கு அது டப்பா என்று தெரியாது.

பீவர்கிரீக்கில் அந்தக் கறுப்பு வாளி இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் வருகிறார்கள். எல்லாரும் மைக் டீக் நடந்து காட்டிய அதே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அளந்தவர் ஒருவர். அந்த அளவைக் கொண்டே, அவரைக் கேட்காமல், இன்னொருவர் அதே இடத்தை அடைந்தபோதுதான் அது நம்பத்தக்க அளவானது. அறிவியலில் எந்த அளவீட்டுக்கும் இதுவே விதி.

பாலத்தடி டப்பாவுக்கு இரண்டாவது ஆள் மதியம் வருவார். தாளை விரித்ததும் காலை ஐந்து மணி என்று எழுதிய ஒரு பெயர் கண்ணில் படும். ஒரு நொடி ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நேராக இந்தக் கம்பியடிக்கு அவர் கை வந்தது, காலையில் ஒருவர் 'எண் சரியாக இருக்கிறது' என்று பதிந்து வைத்ததால்தான். அந்தப் பெயருக்குக் கீழே அவர் தன் பெயரை எழுதுவார்.