உஷார்! ஒரு நாட்டை விலை பேசப் பத்துப் பேர் போதும்

தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறவர் மீது நமக்கெல்லாம் ஒரு தனிப் பரிவு உண்டு. கட்சிக் கொடி கிடையாது, தலைமை சொன்னதற்குக் கைதூக்க வேண்டிய கட்டாயம் கிடையாது, மனசாட்சிப்படி நடப்பார் என்று நம்புகிறோம். ஒரு நாடு முழுக்கச் சுயேச்சைகளே ஆண்டால் என்ன நடக்கும்? பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் நவூருவைப் பாருங்கள். பார்த்துவிட்டு உஷாராகிவிடுங்கள். ஏனென்றால் அங்கே அண்மை ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்கள், முன்பு ஒருமுறை அந்தத் தீவைத் திவாலாக்கிய அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டிய ஒற்றைச் சாலையில் வண்டியை எடுத்தால் அரை மணி நேரத்தில் நாட்டையே சுற்றி வந்துவிடலாம். மக்கள்தொகை சுமார் 12,000. நாடாளுமன்றத்தில் 19 இடங்கள். கட்சி என்ற பெயரில் அவ்வப்போது ஒன்றிரண்டு முளைத்ததுண்டு, எதுவும் வேர் பிடிக்கவில்லை. வேட்பாளர்கள் அநேகமாக எல்லோருமே சுயேச்சைகள்தான். வாக்களிப்பது கட்டாயம். சீட்டில் இருக்கும் எல்லாப் பெயர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை போட வேண்டும். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு அரைப் புள்ளி, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு. சில தொகுதிகளில் மொத்த வாக்காளர்களே சில நூறு பேர்தான் என்பதால், உறவும் பழக்கமும் செய்த உதவியும்தான் அந்த வரிசையை முடிவு செய்கின்றன. வேட்பாளரின் கொள்கை என்ன என்று கேட்க யாருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை.

அபாயம் தொடங்குவது வாக்கு எண்ணி முடிந்த பிறகு. அதிபரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஜெயித்து வந்த 19 பேரும் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்துப் பேரைப் பிடித்தால் ஆட்சி கைக்கு வந்துவிடும். அந்தப் பத்தில் ஒருவர் மனம் மாறினால் ஆட்சி கவிழும். 1989 முதல் 2003 வரை 17 முறை ஆட்சி கைமாறியிருக்கிறது. 2010ல் அப்போதிருந்த 18 உறுப்பினர்களும் ஒன்பதுக்கு ஒன்பது என்று பிரிந்து நின்றார்கள். ஏப்ரலில் ஒரு தேர்தல், ஜூனில் இன்னொரு தேர்தல் என்று நடத்தியும் சிக்கல் தீரவில்லை. நவம்பரில்தான் ஓர் அதிபர் தேர்வானார். இப்படி நாற்காலிக்கு உத்தரவாதமே இல்லாத இடத்தில், பதவியில் இருக்கும் சில மாதங்களுக்குள் பெரிய தொகையாக எதையாவது கொண்டுவந்து காட்டிவிட வேண்டும் என்கிற அவசரம் எவருக்கும் வரும். பிறகு அந்த ஒப்பந்தம் கெட்டுப்போனால் பதில் சொல்லக் கட்சி இல்லை. கையெழுத்துப் போட்டவர் தோற்றுப்போய் வீட்டில் இருப்பார், கடன் மட்டும் தீவிலேயே தங்கிவிடும்.

அந்த அவசரம் என்ன செய்யும் என்பதற்குப் பாஸ்பேட்டின் கதையே சாட்சி. உர உற்பத்திக்குத் தேவையான உயர்தரப் பாஸ்பேட் அந்தத் தீவின் மண்ணில் இருப்பது 1900ல் தெரியவந்தது. முதலில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி வெட்டியது. அதன்பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து வெட்டின. 1968 ஜனவரி 31ல் நவூரு விடுதலை பெற்றது. ஹாமர் டிரோபர்ட் முதல் அதிபரானார். சுரங்க உரிமையையும் விலைகொடுத்து வாங்கி 1970ல் தங்கள் கைக்கே கொண்டுவந்தார்கள். உலகிலேயே தலைக்கு வருமானம் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றானது நவூரு. பாஸ்பேட் தீர்ந்த பிறகு பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே என்று ஒரு அறக்கட்டளை நிதியமும் வைத்தார்கள். நோக்கத்தில் குறையே சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் அதன் மதிப்பு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது.

பணம் போன விதத்தைக் கேட்டால் வயிறு எரியும். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, 1977ல் நவூரு ஹவுஸ் என்று பெயர் சூட்டித் திறந்தார்கள். இந்தத் தீவுக்குச் சற்றும் பொருந்தாத அளவில் ஒரு விமான நிறுவனத்தை நடத்தினார்கள். காலி இருக்கைகளோடு பறந்து பறந்து அது பணத்தைக் குடித்தது. 1993ல் லியனார்டோ டாவின்சியின் காதலைச் சொல்லும் ஒரு இசை நாடகத்துக்கு லண்டனில் பணம் போட்டார்கள். அரசின் ஆலோசகர் ஒருவர் கொண்டுவந்த யோசனை அது. சில வாரங்களிலேயே நாடகம் மூடப்பட்டது, போட்ட பணம் திரும்பவில்லை. வரவு குறைந்தபோது செலவைக் குறைக்காமல் நிதியத்தின் சொத்துகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். 2004ல் மெல்போர்ன் கட்டடம் கடனுக்குப் போயிற்று. 2005 டிசம்பரில் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாட்டு வங்கி முடங்கி, மக்கள் தங்கள் சேமிப்பைக்கூட எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

இவ்வளவும் நடக்கும்போது மக்கள் ஏன் கேட்கவில்லை? அந்த ஊரில் 2014 வரை வருமான வரியே கிடையாது. வரி கட்டாதவர்களுக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் வருவதில்லை. வீடு, மருத்துவம், படிப்பு எல்லாம் அரசு கொடுத்தது. கொடுக்கிற கை எங்கிருந்து எடுக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ‘உங்கள் மீது வரி போட மாட்டேன், இலவசமாகத் தருகிறேன்’ என்று சொல்லும் சுயேச்சையிடம் முதலில் உஷாராக வேண்டியது இதனால்தான்.

தீவின் நடுப்பகுதியை அங்கே டாப்சைடு என்பார்கள். தீவில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்தபின் மிஞ்சியது ஆள் உயரத்தைத் தாண்டிய சுண்ணாம்புக் கல் ஊசிகள். நெருக்கமாக, சாம்பல் நிறத்தில், கூர்கூராக நிற்கின்றன. இடையில் காலை வைக்க இடமில்லை. விவசாயம் செய்ய முடியாது, வீடு கட்ட முடியாது, வெயிலில் அந்தக் கல் காய்ந்து அனல் வீசும். இந்த நாசத்துக்கு ஈடு கேட்டு 1989ல் நவூரு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1993ல் 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. அந்த வழக்கை நடத்திய துணிச்சலை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் நிலம்? அதன் பெரும்பகுதி இன்றும் அப்படியேதான் கிடக்கிறது.

மண் தீர்ந்ததும், ஒரு நாட்டிடம் இருக்கும் மற்ற சரக்குகளை எடுத்து விற்கத் தொடங்கினார்கள். இறையாண்மைதான் சரக்கு. 1990களில் நூற்றுக்கணக்கான வங்கிகளுக்கு ஒரே தபால் பெட்டி முகவரியில் உரிமம் கொடுத்தார்கள். ரஷ்யாவிலிருந்து 7,000 கோடி டாலர் அந்த வழியாக ஓடியது என்று ரஷ்ய மத்திய வங்கி அதிகாரியே சொன்னார். கடவுச்சீட்டையும் விற்றார்கள். தைவானை விட்டு 2002ல் சீனாவுக்கு, 2005ல் திரும்பவும் தைவானுக்கு, 2024 ஜனவரியில் மறுபடி சீனாவுக்கு என்று தூதரக உறவை மாற்றிக்கொண்டார்கள். 2001ல் ஆஸ்திரேலியா தன் கரைக்கு வர விடாத அகதிகளை வைக்க இடம் கேட்டபோது, அதற்கும் சரி என்றார்கள். 2008ல் மூடிய முகாம் 2012ல் மறுபடி திறந்தது. நாட்டு வருமானத்தின் பெரும்பகுதியே அதிலிருந்துதான் என்ற நிலை வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2014ல் புதுச்சேரியிலிருந்து படகில் புறப்பட்ட 157 ஈழத் தமிழர்களை ஆஸ்திரேலியா நடுக்கடலில் பிடித்தது. அவர்களில் சுமார் 50 பேர் குழந்தைகள். ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்து, கரைக்குக் கொண்டுவந்த சில நாட்களில் இரவோடு இரவாக நவூருவுக்கு விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கூடாரங்களில் கிடந்தார்கள். அந்த இடத்தை வாடகைக்கு விட்ட ஒப்பந்தத்தில் எந்த நவூரு வாக்காளரும் விரல் வைக்கவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை.

பெரும் பணம் உள்ளே வரும்போது கண்காணிக்கும் கண்கள் ஒவ்வொன்றாக மூடப்படும் என்பதையும் அதே ஆண்டு காட்டியது. 2014ல் நீதிபதி ஒருவர் நாடுகடத்தப்பட்டார். தலைமை நீதிபதி வெளிநாட்டில் இருந்தபோது அவருடைய விசா ரத்தானது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த உறுப்பினர்கள் சபையிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் விசாக் கட்டணம் 200 டாலரிலிருந்து 8,000 டாலரானது. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக்கையும் முடக்கினார்கள். கணக்குக் கேட்டால் தேசத்துரோகி என்று பேசும் வேட்பாளர் எந்தத் தீவில் இருந்தாலும், அவர் அடுத்து எங்கே போவார் என்பதற்கு இதுவே வழிகாட்டி.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ஒரு உடன்படிக்கை. ஐந்து ஆண்டுகளில் பட்ஜெட்டுக்கு 10 கோடி டாலர், காவல்துறைக்கும் பாதுகாப்புக்கும் 4 கோடி. பதிலுக்கு, பாதுகாப்பு, வங்கி, தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் வேறொரு நாட்டோடு கைகோப்பதற்கு ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். 2025ல் ஒரு லட்சத்துச் சொச்சம் அமெரிக்க டாலருக்குக் குடியுரிமை விற்பனை மறுபடி தொடங்கியது. கடல்மட்ட உயர்வால் மக்களை மேட்டு நிலத்துக்கு இடம்பெயர்க்கப் பணம் வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் உண்மைதான். அந்தப் பணம் உண்மையாகவே மேட்டு நிலத்துக்குப் போகிறதா என்று யார் பார்ப்பார்கள்? 2025 ஆகஸ்ட் கடைசியில் இன்னொன்று: ஆஸ்திரேலியா தன் நாட்டில் வைத்துக்கொள்ள விரும்பாத சுமார் 350 வெளிநாட்டவரை நவூரு ஏற்க வேண்டும். உடனடியாக 40 கோடியே 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், பிறகு ஆண்டுக்குச் சுமார் 7 கோடி. இதில் முழு வாசகத்தை மக்கள் முன் வைக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தருவது கடலடிச் சுரங்கம். பசிபிக்கின் ஆழத்தில் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த உலோக உருண்டைகள் கிடக்கின்றன. அவற்றை அள்ள ஒரு தனியார் கம்பெனிக்கு நவூரு ஆதரவு நாடாகப் பொறுப்பேற்றிருக்கிறது. அந்த ஒதுக்கீடு மட்டும் 70,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். விதிகள் தயாராகும் முன்பே 2021 ஜூனில், இரண்டு ஆண்டுக்குள் முடிவு சொல்லுங்கள் என்று சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தை நெருக்கியதும் இதே நாடுதான். ஏதாவது கெட்டுப்போனால் நட்டஈட்டுச் சுமையைத் தன்னால் தாங்க முடியாது என்று 2010ல் கவலைப்பட்டு விளக்கம் கேட்டதும் நவூருவே. ஆதரவு நாடு தன் கண்காணிப்புக் கடமையில் தவறினால் பொறுப்பு உண்டு, ஏழை நாடு என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது என்று 2011ல் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். அந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டும் கம்பெனியோடு முன்னேறிப் போகிறார்கள். 12,000 பேர் தலையில் ஒரு பெருங்கடலின் பொறுப்பு!

சரி, இப்படிப்பட்ட ஒரு தீவில் நேர்மையான சுயேச்சை ஒருவர் நின்றால், அவர் எதை முதலில் வைக்க வேண்டும்? என் கணக்கில், பணம் கொண்டுவருவதை அல்ல, பூட்டை. ஒப்பந்தத்தின் முழு வாசகம் நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்வரை கையெழுத்து இல்லை, ஆட்சிக்காலத்தைத் தாண்டிக் கட்டுப்படுத்தும் எதுவும் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் செல்லாது என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். 2015ல் சட்டமாகி, வெளிநாட்டுப் பங்களிப்போடு தொடங்கிய தலைமுறை நிதியம் ஒன்று இப்போது இருக்கிறது. 2033 வரை அதில் கைவைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. பழைய நிதியம் கரைந்ததைப் பார்த்தவர்கள் செய்த நல்ல காரியம் அது. அந்தப் பூட்டை எந்தப் பெயரிலும் தளர்த்த மாட்டேன் என்று வேட்பாளர் ஊரறியச் சொல்ல வேண்டும். தளர்த்துவதற்குத் தோதான ‘அவசரம்’ ஏதாவது நிச்சயம் வரும்.

அடுத்தது தண்ணீரும் உடம்பும். நவூருவில் ஆறு கிடையாது. மழையையும், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தையும் நம்பித்தான் பிழைப்பு. டப்பா உணவும் சர்க்கரையும் கப்பலில் வந்து இறங்க, நீரிழிவு நோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்றாகிவிட்டது அந்தத் தீவு. நாற்பது வயதில் காலை இழந்தவருக்குக் கோடிகளைக் காட்டி என்ன பயன்? டாப்சைடை மண் போட்டு மீட்கும் வேலை மெதுவானது, ரிப்பன் வெட்ட வாய்ப்பில்லாதது. அதைப் பேசாமல் கோடிகளை மட்டும் பேசுகிறவரை வரிசையில் கடைசி எண்ணுக்குத் தள்ள வேண்டும். அந்த வாக்குச்சீட்டு அதற்கு வசதி தந்திருக்கிறது.

கடைசியாக, ஆஸ்திரேலியாவில் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 40 கோடியே 80 லட்சம் டாலரில் உங்கள் வரிப்பணமும் இருக்கிறது. நவூருவில் கேட்க முடியாத கேள்வியை உங்களால் கேட்க முடியும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும், பணம் எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்பதையும் வெளியிடச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் எழுதுங்கள்.