விதைநெல்லைப் பகிரலாம், பூட்டிய மின்னூலைப் பகிர முடியாது: தெரியுமா?

தில்லி கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் புசா ரோடு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஆனால் ‘புசா’ என்ற ஊர் இருப்பது பீகாரில், தெரியுமா? 1905-இல் அங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936-இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது!

விதைநெல்லுக்குச் சட்டமே காவல், தெரியுமா?
உழவர் உரிமைகளைக் காக்கும் ஆணையத்தின் அலுவலகம் இந்தப் புசா வட்டாரத்தில்தான் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி உழவர் விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். முத்திரைப் பெயர் போட்டு விற்பதற்கு மட்டும்தான் தடை. இன்னும் கேளுங்கள்: அடுத்த தலைமுறை முளைக்காதபடி செய்யும் ‘டெர்மினேட்டர்’ நுட்பம் கொண்ட ரகத்தைப் பதிவு செய்யவே முடியாது. விதைக்குப் பூட்டுப் போடுவதைச் சட்டமே தடுத்துவிட்டது!

பல மின்னூல்களுக்கு அந்தப் பூட்டு உண்டு, தெரியுமா?
அதன் பெயர் டி.ஆர்.எம். கோப்பைச் சங்கேதமாக்கி, சாவியை உங்கள் கணக்கோடு கட்டிவிடுவார்கள். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தினாலும் விதிமுறைப்படி கிடைப்பது படிக்கும் உரிமம்தான். அச்சு நூலை அண்ணன் படித்துவிட்டுத் தங்கைக்குக் கொடுக்கலாம். பழைய புத்தகக் கடையில் போடலாம். பூட்டிய மின்னூலுக்கு அந்த வாழ்வே இல்லை. பூட்டிய கிண்டில் நூலின் கோப்பை இணையதளத்திலிருந்து கணினியில் இறக்கி வைக்கும் வசதியும் 2025 பிப்ரவரியில் போய்விட்டது!

விற்ற நூலே மாயமாகும், தெரியுமா?
2009 ஜூலையில் சிலரின் கிண்டிலிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லையாம். அழிந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? வேண்டாத எழுத்தை அரசு அழிப்பதைச் சொல்லும் ‘1984’! மாணவர் ஒருவர் எழுதி வைத்த குறிப்புகளும் பயனற்றுப் போயின. அமேசான் மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது எல்லார் நூல்களும் மறைந்தன. பணம் திரும்பி வந்தது, நூல் வரவில்லை.

பார்வையற்றோருக்காக முதலில் கையை நீட்டியது இந்தியா, தெரியுமா?
உரக்கப் படிக்கும் மென்பொருளையும் பூட்டு தடுத்துவிடக்கூடும். 2012-இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலைப் படியெடுக்க வழிவிட்டது. அதற்காகவே உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றது இந்தியா! அதே 2012 திருத்தம் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் உரிமையைத் திருடும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். ‘நோக்கம்’ என்ற இந்த ஒரு சொல் வாசகருக்கு எவ்வளவு பெரிய காப்பு!

பூட்டில்லாத தமிழ்க் களஞ்சியம் உண்டு, தெரியுமா?
1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சங்க நூல்கள் முதல் அண்மைக் கால எழுத்து வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தமிழ் நூல்களை வழங்குகிறது ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ். இறக்குங்கள், படியெடுங்கள், பேரனுக்குக் கொடுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்!

எழுத்தாளருக்குக் கூலி சேரவேண்டும். அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் காசு கொடுத்த வாசகர், விதைக்குக் காசு கொடுத்த உழவரைவிடக் குறைந்தவரா? அடுத்த மின்னூலை வாங்கும் முன் ‘இதில் பூட்டு உண்டா?’ என்று கேளுங்கள். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகத்தைத் தேடிப்போய் வாங்குங்கள். உங்களுக்குப் பிறகும் அந்த நூலை இன்னொருவர் படிக்கட்டும்!