வாயு என்று விட்டுவிடாதீர்கள்



மாரடைப்பு ஆம்பிளைகளுக்கு வாற வியாதி என்று லயங்களில் பேசிக்கொள்கிறார்கள். அது பிழை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் ஆபத்து கூடுகிறது. நெஞ்சு நோவு வரும். சிலருக்கு அது லேசாக இருக்கும். மூச்சிரைப்பு, ஓங்காளம், தாடை நோவு, முதுகு நோவு, காரணமில்லாத களைப்பு என்றும் காட்டும். கூடை சுமக்கிறவளுக்கு முதுகு நோகாத நாள் ஏது? வாயுதான் என்று இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போய்விடுகிறாள். டிஸ்பென்சரிக்குப் போனால் அரைப்பேர்தான் விழும் என்ற பயம் வேறு.

அப்பாவுக்கு நெஞ்சு நோவென்றால் ராத்திரியே வேன் பிடிக்கிறார்கள். அம்மாவுக்கென்றால் விடியட்டும் என்கிறார்கள். இதை நாங்கள் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

பிரஷர் 140/90க்கு மேலே இருந்தாலும் உடம்புக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம்.

அவசரத்துக்கு 1990. 2016இல் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் 2019 முதல் தீவு முழுவதும் ஓடுகிறது. திருகோணமலை, இலங்கைத்துறைப் பக்கம் இருக்கும் சொந்தக்காரருக்கும் சொல்லிவையுங்கள். தோட்டத்தின் பேரோடு டிவிசன் பேரையும் சொல்லுங்கள். வண்டி ஏறாத லயமென்றால் கதிரையில் வைத்து ரோட்டுக்குத் தூக்கி வாருங்கள், நடக்க விடாதீர்கள்.