செடி செழித்தால் போதாது, காய் நிற்க வேண்டும்
நெல் தரிசுப் பருத்திக்கு ஊட்டமும் பராமரிப்பும்

காரைக்கால் பகுதியில் விழிதியூர் போன்ற ஊர்களில் தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும், நெல் தாளின் அடியில் உள்ள ஈரம் காயுமுன் பருத்தி விதையை ஊன்றுவது உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28ஆம் நாள் மூடப்படுகிறது. அதன் பிறகு கடைமடை வயலுக்கு மண்ணில் தங்கிய ஈரமும், குளத்து நீரும், ஆழ்குழாய்க் கிணறுமே துணை. இந்தச் சிறிதளவு நீரைக் கொண்டு கோடையில் கையில் பணம் பார்க்க உதவும் பயிர் பருத்தி.

ஆனால் சித்திரையில் சில வயல்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். செடி நெஞ்சளவு உயர்ந்து, கரும்பச்சை இலைகளுடன் அடர்ந்து நிற்கும். வரப்பில் போவோர் நின்று பார்த்துப் பாராட்டுவர். உள்ளே இறங்கி ஒரு செடியைப் பிரித்துப் பார்த்தால் ஐந்தாறு காய்களுக்கு மேல் இராது. சப்பையும் பூவும் தரையில் கொட்டிக் கிடக்கும். பக்கத்து வயலில் இடுப்பளவே உள்ள செடியில் பதினைந்து காய்கள் இருக்கும்.

ஒரு காயின் மதிப்பு

செடிக்குச் செடி ஒரு காய் கூடுதலாக நின்றால் என்ன லாபம்? வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 22 ஆயிரம் செடிகள் வரும். பழுது போக 20 ஆயிரம் செடிகள் நிற்பதாகவும், ஒரு காயில் 3 கிராம் பருத்தி கிடைப்பதாகவும் கொண்டால், செடிக்கு ஒரு காய் என்பது ஏக்கருக்கு 60 கிலோ பருத்தியாகும். ஐந்து காய்கள் கொட்டினால் 300 கிலோ போயிற்று. சிறு விவசாயிக்கு இது பயிர்க் கடனை அடைப்பதற்கும் அடைக்க முடியாமல் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு.

சப்பை ஏன் கொட்டுகிறது?

தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் செடி இலையையும் கிளையையும் வளர்ப்பதிலேயே முனைகிறது. வரிசைகள் கூடி, உள்ளே வெயில் விழுவதில்லை. நிழலில் உள்ள கீழ்க் கிளைகளின் சப்பைகளுக்கு உணவு போதாமல் அவை உதிர்கின்றன. இளந்தழை மிகுந்த செடியைத் தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவையும் நாடி வரும். அவற்றுக்கு மருந்தடிக்கும் செலவும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே யூரியாவை அளவோடு இடுவது முதல் பாதுகாப்பு.

உரமிடும் முறை

தரிசில் உழவு இல்லாததால் அடியுரமிட வழியில்லை. விதைத்த 15ஆம் நாளில் குத்துக்கு ஒரு நல்ல செடியை விட்டு மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். எம்.சி.யு. 7, எஸ்.வி.பி.ஆர். 3 போன்ற, நெல் தரிசுக்கு ஏற்ற இரகங்களுக்கு எக்டருக்கு 60 கிலோ தழைச்சத்தும், 30 கிலோ மணிச்சத்தும், 30 கிலோ சாம்பல் சத்தும் தேவை. ஏக்கர் கணக்கில் இது 52 கிலோ யூரியா, 75 கிலோ சூப்பர் பாஸ்பேட், 20 கிலோ பொட்டாஷ் ஆகும்.

சூப்பர் முழுவதையும், யூரியா, பொட்டாஷ் இரண்டிலும் பாதியையும் 20 நாளில் களை கொத்திய பின் இடலாம். மீதிப் பாதியை 40 முதல் 45ஆம் நாளுக்குள் இட்டு மண் அணைக்க வேண்டும். செடியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி உரத்தை வைத்து மண்ணால் மூடுவது நல்லது. மேலே தூவினால் தழைச்சத்து காற்றில் போய்விடும். சூப்பருக்குப் பதில் 26 கிலோ டி.ஏ.பி. இடுவோர், அதிலேயே தழைச்சத்தும் இருப்பதால் யூரியாவில் 10 கிலோவைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னர் செடி வெளுத்ததாகத் தோன்றினாலும் காரணம் அறியாமல் மேலும் யூரியா இடக்கூடாது. நீர் தேங்கினாலும் பருத்தி வெளுக்கும்.

கலப்பினப் பருத்திக்கு இந்த அளவு போதாது. அதை மண் பரிசோதனைப்படி முடிவு செய்ய வேண்டும்.

காய்க்கும் காலத்தில் இலை வழி உணவு

பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும், அதாவது 45ஆம் நாளும் 75ஆம் நாளும், இலை வழியாக ஊட்டம் தரலாம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை 20 லிட்டர் நீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 2 கிலோ பொட்டாஷைக் கரைத்துச் சேர்த்து, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

சப்பை உதிர்வைக் குறைக்க, பிளானோஃபிக்ஸ் என்னும் வளர்ச்சி ஊக்கியை 10 லிட்டர் நீருக்கு 9 மி.லி. வீதம் கலந்து 60ஆம் நாளும் 90ஆம் நாளும் தெளிக்கலாம். அளவு மிஞ்சக்கூடாது.

நுனி கிள்ளுதல்

செலவில்லாத வேலை இது. 75 முதல் 80 நாளில், தண்டில் 15 கணுக்கள் வந்தபின் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். கலப்பினங்களில் 20 கணுக்கள் வரை விடலாம். மேல் நோக்கிய வளர்ச்சி நின்று, உணவு காய்களுக்குத் திரும்பும். வளரும் செடியைக் கிள்ள மனம் வராதவர்கள் முதலாண்டு இரண்டு வரிசையில் மட்டும் கிள்ளிக் காய்களை எண்ணிப் பார்க்கட்டும்.

நீரும் கோடை மழையும்

பூக்கும் பருவத்திலும் காய் பெருக்கும் பருவத்திலும் நீர் தவறக்கூடாது. நீர் குறைவாக உள்ளவர்கள் ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சி, அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். கடலோரத்தில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கக்கூடும். பாய்ச்சுமுன் பரிசோதித்தல் அவசியம்.

காய்ந்த வயலில் திடீரென்று கனமழை பெய்தால், காய் நிறைந்த செடிகள் ஓரிரு நாளில் வாடித் தொங்குவதுண்டு. களிமண்ணில் தேங்கிய நீரில் வேர் மூச்சுத் திணறுவதே காரணம். நோய் என்று எண்ணி மருந்துக்கு ஓடுமுன் நீரை வடிக்க வேண்டும். மண் அணைக்கும்போதே வயலைச் சுற்றி வடிகால் எடுத்து வைப்பவருக்கு இந்த இழப்பு குறையும். அடர்ந்த வயலில் மழைக்குப் பின் கீழ்க் காய்கள் அழுகும். காற்றோட்டமுள்ள வயலில் அது குறைவு.

நன்கு வெடித்த பருத்தியை மட்டும் காலை வேளையில், இலைச் சருகு ஒட்டாமல் எடுக்க வேண்டும். மழையில் நனைந்ததையும் கறை பட்டதையும் தனியே வைத்தால்தான் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நல்ல பருத்திக்கு நல்ல விலை கேட்க முடியும்.

அடுத்த விதைப்புக்கு முன் மண்ணையும் நீரையும் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. உள்ளூர் உழவர் உதவியகத்திலும் ஆலோசனை பெறலாம். பருத்தி வயலை வரப்பிலிருந்து பார்த்து மதிப்பிடாமல், வாரம் ஒரு முறை உள்ளே இறங்கிப் பத்துச் செடிகளில் காய்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டால், உர மூட்டையை எப்போது அவிழ்க்க வேண்டும், எப்போது கட்டி வைக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.