எழுபது வளைவுக்கு மேலே ஒரு கிளைக் கூட்டம்

காரவள்ளியைத் தாண்டினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே இறங்கும் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் மேலேயே தங்க வேண்டியதுதான். கட்சி வேலையாக மலைக்குப் போய்வந்த 19 வருஷத்தில் அப்படித் தங்கிய ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் சாக்கை விரித்துப் படுத்திருப்பேன். யாராவது சாமைச் சோறு கொண்டுவந்து வைப்பார்கள். எந்த வீட்டுச் சோறு என்பது காலையில்தான் தெரியும்.

நாளைக்கே புரட்சி என்பவர்களுக்கும், எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கும் நடுவில் நின்று, ஏழை பக்கம் சாய்ந்த கட்சி எங்களுடையது. நல்ல சட்டம் வர வேண்டும், வந்த சட்டம் கடைசி வீடு வரை போய்ச் சேர வேண்டும். எங்கள் அரசியல் அவ்வளவுதான். 1955-ல் ஆவடியில் நிறைவேறிய சோஷலிச மாதிரி சமுதாயத் தீர்மானம், 1961-ல் வந்த நில உச்சவரம்புச் சட்டம், அதில் 30 தர ஏக்கர் என்றிருந்த வரம்பை 1970-ல் 15 ஆகக் குறைத்த கதை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் முதல்முறை மலையேறினேன்.

மேலே கேள்வியே வேறாக இருந்தது. உபரி நிலத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து உழுகிற துண்டு நிலம் காட்டுக் கணக்கில் இருக்கிறதே, அது யாருடையது என்றுதான் கேட்டார்கள்.

அதற்குப் பதிலாக வந்தது 2006-ன் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது நீதிமன்ற உத்தரவால் நின்றிருந்தது. 2016-ல்தான் வழி திறந்தது. அன்றிலிருந்து என் கட்சி வேலை என்பது பெரும்பாலும் மனு எழுதுவதுதான். கொடியைவிடக் கார்பன் தாளைத்தான் அதிகம் சுமந்திருக்கிறேன்.

ஒரு மனு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மனு போட்டவரிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான் என்று விதியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆயாவைக் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, வரப்போரத்துப் பலாவைக் காட்டினார்.

“நான் வாழ வந்தப்ப அது என் இடுப்பு உசரம் தம்பி. அப்பவே அவங்க மாமனாரு இங்க கேவுரு போட்டுக்கிட்டு இருந்தாரு. இப்பப் பாரு, ரெண்டு பேரு கை கோத்தாலும் அடங்கல.”

சொன்னதைச் சொன்னபடியே எழுதி, ரேகை வாங்கினேன். ஓர் அலுவலகத்தில் அதைப் படித்தவர், “மரத்தையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வருவீங்களா?” என்று சிரித்தார். மனு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை விதியின் நகலையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தோம். உரிமைப் பத்திரம் வந்த அன்று ஆயா இல்லை. பலா காய்த்திருந்தது.

ஆனால், மனு எழுத ஒரு கை இருந்தால் மட்டும் போதாது. அதை முதலில் ஏற்க வேண்டியது கிராம சபை. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மனுதாரர்களிலும் பாதிப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் 1996-ல் பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கொடுத்த அதிகாரம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியே இல்லை. அதனால் நிலம், காடு என்று வந்தால் கொல்லிமலைக்காரர் கையில் பலமாக இருப்பது வன உரிமைச் சட்டம் தரும் இந்தச் சபை ஒன்றுதான்.

அந்தச் சபையில் எழுந்து நின்று பேச எங்கள் பெண்கள் எங்கே கற்றார்கள்? கிளைக் கூட்டத்தில். மாதம் ஒருமுறை, ஒரு விளக்கைச் சுற்றி இருபது பேர். ரேஷனில் என்ன குறைகிறது, பிள்ளைக்குச் சாதிச் சான்று ஏன் வரவில்லை, மிளகுக்கு என்ன விலை என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். முதல் கூட்டத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தவர், ஆறாவது கூட்டத்தில் என்னையே மடக்கிக் கேள்வி கேட்டார். கட்சி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

என் கவலையும் அங்கேதான் இருக்கிறது. கிளைக் கூட்டம் செத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் கட்சியில் மட்டுமல்ல, எல்லாக் கட்சியிலும். அந்த இடத்தில் இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தலைவர் படம் வருகிறது, இவர்கள் கைகூப்பிய பொம்மை போடுகிறார்கள். தேர்தல் வந்தால் பூத் வேலை, அதற்கு ஒரு நாள் கூலி. முன்பு சாமை விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளி. கிழங்கு லாரி ஏறிக் கீழே சேகோ ஆலைக்குப் போகிறது, விலையைக் கீழேதான் முடிவு செய்கிறார்கள். அரசியலும் அப்படியே ஆகிவிட்டது. வேட்பாளர், கோஷம், யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் கீழே முடிவாகி மேலே வருகிறது. மாநிலத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று இந்த மலை இருக்கும் சேந்தமங்கலம். அப்படிப்பட்ட ஊரிலேயே இந்த நிலை.

இ-சேவை மையம் வந்தபின் தொண்டர் எதற்கு, இடைத்தரகர் ஒழிந்தார்களே என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கணினி மனுவை வாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரருக்காக இன்னொருவரைப் பேச வைக்காது. 2025 ஜனவரி 5-ல் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஊரே சேர்ந்து ‘ஏன்’ என்று கேட்க வேண்டிய நேரம் அது. நான் போன இடங்களில் குழுவில் ஒரு சோக பொம்மை வந்ததோடு சரி.

எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கேட்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை. அதற்கு முந்தின சாயங்காலம் உங்கள் ஊரில் இருபது பேரைக் கூட்டி உட்காருங்கள். கைப்பேசியை எடுத்து வையுங்கள். இதுவரை வாய் திறக்காதவரை முதலில் பேச விடுங்கள்.